புளியங்கொட்டைக் கிணறு: எட்டாம் தரப் பிள்ளைகள் செய்த விளையாட்டு

சென்ற தவணையில் ஒரு நாள் பாடசாலை முடிந்து வெளியே வந்தபோது, என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா வாசலில் காத்து நின்றார். கையில் மகனின் புவியியல் கொப்பி. கொப்பிக்குள் சவர்க்காரப் பெட்டி மட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு தாயக்கட்டை. “டீச்சர், இதத்தானா ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கிறீங்க?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. ஆனால் முகத்தில் கவலை தெரிந்தது.

அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியவை எல்லாம் ஞாபகம் வந்தன. அந்தத் தாயக்கட்டை எங்கிருந்து வந்தது, பிறகு அதற்கு என்ன ஆனது என்பதைப் பெற்றோருக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எட்டாம் தரத்தில் 20 பிள்ளைகள். பாடம் நிலக்கீழ் நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்துகொண்டு இந்தப் பாடத்தைப் புத்தகத்தை மட்டும் வைத்துப் படிப்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களிடம் மகாவலி இல்லை, களனி இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரே. ஆகவே பிள்ளைகளிடம், “இந்தப் பாடத்துக்கு நீங்களே ஒரு விளையாட்டுச் செய்யுங்கள். நான்கு பேர் ஒரு குழு. அடுத்த கிழமை கொண்டு வாருங்கள்” என்றேன்.

ஐந்து குழுக்களும் கொண்டு வந்தது பாம்பும் ஏணியும். ஒன்றில் ஏணிக்குப் பதில் துலா, இன்னொன்றில் பாம்புக்குப் பதில் முதலை. டிமைத் தாளில் நூறு கட்டம், மினுமினுப்புத் தூள், நாலு நிறத்தில் பிளாட்டிக்னம் பேனை. தாயம் உருட்டி, வந்து நிற்கும் கட்டத்தில் இருக்கும் கேள்விக்குப் பதில் சொன்னால் முன்னே போகலாம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியர் கலாசாலையில் நாங்களும் ‘கற்றல் சாதனம்’ என்று இதையேதான் செய்தோம். கண்காட்சி நாளில் அழகாக மேசையில் வைத்தோம். ஒரு பிள்ளைகூட அதைத் தொட்டு விளையாடவில்லை. புள்ளி கிடைத்தது, பிறகு அலுமாரிக்கு மேலே போனது.

இந்த வகை விளையாட்டில் குறை எது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். நிலக்கீழ் நீர் பற்றிய கேள்விகளை எடுத்துவிட்டு, அதே பலகையில் தமிழ் இலக்கணக் கேள்விகளை வைத்து விளையாடச் சொன்னேன். விளையாட்டு ஒரு துளியும் மாறவில்லை. உருட்டு, நகரு, பதில் சொல். அப்படியானால் அந்தப் பலகைக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்? கேள்வித்தாளைத் துண்டு துண்டாக வெட்டிப் பாதையில் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றிப் பிள்ளை எந்த இடத்திலும் யோசித்து ஒரு முடிவெடுக்கவில்லை.

பழைய பாம்பும் ஏணியும் அப்படி இருக்கவில்லை என்பது சுவாரசியமானது. இந்தியாவில் அது ஒழுக்கம் கற்பிக்கும் விளையாட்டாக இருந்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பரமபதம் என்று பெயர். ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீய குணங்கள். ஏறுவதும் சறுக்குவதுமே அங்கு பாடம். அதை ஆங்கிலேயர் கொண்டுபோய்ச் சிறுவர் பொழுதுபோக்காக ஆக்கியபோது பாடம் உதிர்ந்து கட்டங்கள் மட்டும் மிஞ்சின. அதேபோல, 1904இல் அமெரிக்காவில் லிசி மேகி என்ற பெண் ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் கையில் காணி சேரச் சேர மற்றவர்கள் எப்படி வறுமைப்படுகிறார்கள் என்று காட்டுவதே அவர் நோக்கம். அதன் வழியில் வந்து 1935இல் கடைக்கு வந்த மொனொபொலியை விளையாடும் பிள்ளைகள் கற்பது மற்றவனை எப்படி ஓட்டாண்டியாக்குவது என்பதைத்தான். செய்தவரின் நோக்கம் பெட்டியின் மேல் எழுதியிருக்கலாம். பிள்ளை கற்பது விதிகளை.

ஆகவே இரண்டாம் முறை, “பலகை கீறாதீர்கள்” என்றேன். நிறம், மினுமினுப்பு, பெயர் எதுவும் வேண்டாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: தண்ணீர் விஷயத்தில் யார், எதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது? கொஞ்ச நேரம் அமைதி. பிறகு உரும்பிராய்ப் பக்கமிருந்து வரும் ஒரு பிள்ளை சொன்னது: “எவ்வளவு இறைக்கிறது எண்டு, டீச்சர். பக்கத்துக் காணிக்காரன் மோட்டர் போட்டா எங்கட கிணத்திலயும் தண்ணி இறங்கும்.”

அதுதான் விளையாட்டு. அன்றே ஒரு ஐஸ்கிரீம் பெட்டியும் புளியங்கொட்டைகளும் எடுத்து முதல் மாதிரியைச் செய்தோம். செய்ய எடுத்த நேரம் ஏழெட்டு நிமிடம். பெட்டிதான் கிணறு. அதற்குள் 40 கொட்டை. நான்கு கமக்காரர்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு வருடம். ஒவ்வொருவரும் 5 வரை எத்தனை எடுக்கப் போகிறோம் என்று மேசைக்குக் கீழே விரலால் தீர்மானித்து, ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். பெட்டியில் இருப்பது போதாவிட்டால் இருப்பதைச் சமமாகப் பங்கிட வேண்டும். சுற்று முடிய மழைக்கு 8 கொட்டை பெட்டிக்குள் போடுவோம். ஆறு சுற்று முடிவில் கூடுதலாக வைத்திருப்பவர் வெற்றி.

முதல் குழுவில் எல்லோரும் ஐந்து ஐந்தாக அள்ளினார்கள். 40இல் 20 போய் 8 வந்து 28. மறுபடி 20 போய் 8 வந்து 16. மூன்றாம் சுற்றில் இருந்த 16ஐயும் பங்கிட்டு, “தண்ணி முடிஞ்சுது!” என்று கைதட்டிச் சிரித்தார்கள். இன்னொரு குழுவில் நிதானமான பெண் பிள்ளைகள். ஆளுக்கு இரண்டாக எடுத்து ஆறு சுற்றும் ஓட்டினார்கள். கிணற்றில் 40 அப்படியே இருந்தது. ஆனால் கணக்குப் பார்த்தால் அள்ளியவர்களிடம் ஆளுக்கு 14, நிதானமாக எடுத்தவர்களிடம் ஆளுக்கு 12. அள்ளியவன் வென்றுவிட்டான்!

“டீச்சர், இது பிழையான விளையாட்டு” என்றாள் ஒருத்தி. அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத முடியாது. பாட்டில் கீறிய பிழையைப் பார்த்து ஒரு பிள்ளையும் அப்படிச் சொன்னதில்லை. விளையாடிப் பார்த்து, கணக்குப் போட்டு, விதியில் உள்ள குறையை அவளே கண்டுபிடித்தாள். கிணறு வற்றியதால் யாருக்கும் ஒரு நட்டமும் வரவில்லை என்பதே அந்தக் குறை. நிஜத்தில் நட்டம் வரும். என்ன நட்டம் என்று தேடத்தான் அவர்கள் பாடப் புத்தகத்தைத் திறந்தார்கள். நான் திறக்கச் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் புவியியல் சொல்ல வேண்டும். குடாநாட்டைச் சுற்றிக் கடலும் கடல் நீரேரியும். மண்ணுக்குக் கீழே உள்ள சுண்ணக்கல் முழுக்க துவாரங்களும் வெடிப்புகளும். அதற்குள் கடல்நீரும் நுழைகிறது, மேலிருந்து மழைநீரும் இறங்குகிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதால் உப்புநீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றின் மேல்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் கை சோர்ந்தது, கிணறு தப்பியது. மோட்டருக்குக் கை சோர்வதில்லை.

இதைப் படித்த பிள்ளைகள் இரண்டாம் மாதிரிக்கு மூன்று விதிகள் கொண்டு வந்தார்கள். பெட்டியில் 20க்குக் கீழே போனால் உப்பு ஏறிவிட்டது, அந்த வருடம் மழைக்கு 8 போடாமல் 2 மட்டும் போட வேண்டும். ஒவ்வொருவரும் எடுத்ததில் ஒரு கொட்டையைக் குடிப்பதற்கு ஒதுக்க வேண்டும், மிச்சம்தான் பயிர். குடிக்க ஒன்றும் கிடைக்காதவர் பயிரில் இருந்து 2 கொட்டை கொடுத்து பவுசரில் தண்ணீர் வாங்க வேண்டும். சுற்று ஆறு போதாது, பத்து.

பவுசர் விதி வந்தது ரவுனில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து. பவுசர் வரும் நாளில் கலனோடு ஓடுவது யார் என்று அவர்களிடம் யாரும் விளக்கத் தேவையில்லை.

மறுபடி விளையாடினோம். அள்ளிய குழு முதல் இரண்டு சுற்றில் ஆளுக்கு 8 பயிர் சேர்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தியது. ஐந்தாம் சுற்றிலிருந்து ஒன்றுவிட்ட ஒரு வருடம் பவுசருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. பத்தாம் சுற்று முடிவில் ஆளுக்கு 3. இரண்டாக எடுத்த குழுவிடம் ஆளுக்கு 10, கிணறும் நிறைவாக. வாசகர்களே, வீட்டில் புளியங்கொட்டை இருந்தால் நீங்களும் கணக்குப் பார்க்கலாம்.

அடுத்த பிரச்சினையை உண்டாக்கியவன் பின்வாங்குப் பொடியன் ஒருவன். மற்ற மூவரும் இரண்டு எடுக்க அவன் மட்டும் ஒவ்வொரு முறையும் ஐந்து எடுத்தான். ஐந்தாம் சுற்றில் கிணறு உப்பானது. அந்த நேரம் அவனிடம் 20 பயிர், மற்றவர்களிடம் 5. ஒரு பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. “நாங்க ஒழுங்கா எடுத்தும் ஏன் எங்களுக்கும் உப்பு?” அன்று மணியடித்தும் யாரும் எழும்பவில்லை. சுற்றுக்குச் சுற்று நடுவில் பேசுவதற்கு ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்டார்கள், கொடுத்தோம். பேசத் தொடங்கியதும் காவல் போட்டார்கள், தண்டம் வைத்தார்கள், ஒருவரை ஒருவர் கணக்குக் கேட்டார்கள். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இதைத்தான். பொதுச் சொத்தைப் பாவிப்பவர்கள் கூடிப் பேசித் தாங்களே விதி வகுத்தால் அதை அழியாமல் காக்க முடியும் என்று உலகெங்கும் உள்ள ஊர்களைக் காட்டி அவர் எழுதினார். என் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது.

இப்போது தாயக்கட்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் மழை ஒரே அளவாக இருப்பது நம்பும்படியாக இல்லை என்று ஒரு குழு சொன்னது. நியாயம்தான். ஆகவே மழையைத் தீர்மானிக்கத் தாயம் செய்தார்கள். அதுதான் கொப்பிக்குள் வீட்டுக்குப் போனது.

முதலில் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. பணம் வைத்து ஆடவில்லை, மழையைத்தானே உருட்டுகிறோம் என்று நினைத்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். நர்த் எனப்படும் தாய விளையாட்டைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சூதாட்டம் இல்லாவிட்டாலும் தாயம் கூடாது என்பது அறிஞர்களில் பெரும்பாலானோர் கருத்து, வேறு விதமாக விளங்கியவர்களும் உண்டு. தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் ஒரு வாப்பாவின் மனதை உறுத்தும் ஒன்றை வகுப்பில் வைத்துக்கொண்டு, அவர் மகனிடம் விளையாடு என்று சொல்லவும் முடியாது. பிள்ளைகளிடம் விஷயத்தை அப்படியே சொன்னேன்: “தாயம் இல்லாமல் மழையைக் கொண்டு வாருங்கள்.”

இந்தத் தடையால் விளையாட்டு திருந்தியதுதான் வேடிக்கை. தாயத்தில் ஒன்றும் ஆறும் ஒரே வாய்ப்பு. மழை அப்படிப் பெய்வதில்லை. பெரும்பாலான வருடம் வடகீழ்ப் பருவக்காற்று வந்து வழக்கமான மழையைத் தரும், சில வருடம் பொய்க்கும், சில வருடம் வெள்ளம். ஆகவே பத்து மழை அட்டைகள் வெட்டினார்கள். ஆறில் 8, இரண்டில் 4, இரண்டில் 12. கலைத்துக் கவிழ்த்து வைத்து, வருடத்துக்கு ஒன்றாகத் திறப்பார்கள். கூட்டிப் பார்த்தால் பத்து வருடத்துக்கு 80, அதாவது சராசரி முன்பிருந்த அதே 8. எந்த வருடம் வறட்சி என்று தெரியாது, ஆனால் வறட்சி வரும் என்று தெரியும். சராசரி என்ற கணிதப் பாடம் புவியியல் பாடவேளையில் இலவசமாக முடிந்தது.

அட்டைகளைக் கொண்டுபோய் அந்த வாப்பாவிடமே காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “முன்னூற்று நாலு மாதிரி இல்லத்தானே?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, உப்பு வந்த கிணறு திரும்ப நல்லதாகுமா என்று அவரே கேள்வி கேட்கத் தொடங்கி, அரை மணித்தியாலம் போய்விட்டது.

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். முதல் மாதிரி அசிங்கமாக இருக்கட்டும். அழகாகச் செய்துவிட்டால் பிள்ளைக்கு அதைக் கிழிக்க மனம் வராது, கிழிக்காமல் திருத்தம் இல்லை. நாங்கள் ஐந்தாம் மாதிரி வரைக்கும் நிறப் பேனையைத் தொடவில்லை. ஒரு முறையில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றியதையும் நடந்ததையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். மிகக் கஷ்டமானது, செய்த குழு வாயை மூடிக்கொண்டு நிற்பது. வேறு குழு விளையாடும்போது இவர்கள் விளக்கம் சொல்லக்கூடாது, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க மட்டும் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாள் இது முடியவே இல்லை. ஆசிரியையாகிய எனக்கும் முடியவில்லை, இரண்டு தரம் குறுக்கே பேசிப் பிள்ளைகளிடமே ஏச்சு வாங்கினேன்.

‘கொம்பியூட்டர்ல செய்யலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். 2007இல் எம்.ஐ.ரி. வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசம். ஆனால் விதி சரியா பிழையா என்று ஐஸ்கிரீம் பெட்டியில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திரையில் அதையே தெரிந்துகொள்ள ஒரு தவணை போகும்.

பாடத்திட்டம் முடியுமா என்பது நியாயமான கேள்வி. 40 நிமிடப் பாடவேளைகள் ஆறு எடுத்தேன். சாதாரணமாக இந்த அலகுக்கு மூன்றில் முடித்திருப்பேன். அதைப் பிடிக்க இரண்டு நாள் பாடசாலை விட்ட பிறகு மறித்து வைத்தேன். எல்லா அலகுக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்கும் விஷயங்களுக்கே இது பொருந்தும். தலைநகரங்களின் பெயரைப் பாடமாக்க விளையாட்டு வேண்டியதில்லை, பாடமாக்கினால் போதும்.

நான்காம் மாதிரியில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விதான் இன்னும் என்னோடு இருக்கிறது. சோனகத் தெருவில் வீடு. “டீச்சர், இதில எல்லாரும் கமக்காரர். நாங்க யாரு? எங்கட கிணத்தில நாங்க பயிருக்கு இறைக்கவே இல்லையே, ஏன் அது உப்பு?”

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 11 வயது. எங்கள் வீட்டுக் கிணற்றில் உம்மா கடைசியாக அள்ளி வைத்த குடம் குசினியிலேயே நின்றது. புத்தளத்தில் இருந்து பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கிணற்றுக்குள் கல்லும் ஓடும் மரமும். இறைத்துத் துப்புரவாக்கினோம். தண்ணீர் வந்தது, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. இருபது வருடமாக நாங்கள் ஒரு வாளி அள்ளாத கிணறு அது. கடல் நீரேரிக்குப் பக்கத்தில் நன்னீர் வில்லை மெல்லியது, மேலே குடியிருப்பும் நெருக்கம், எங்கோ இறைப்பதும் சேர்ந்து பாதிக்கும் என்று பிள்ளைக்கு விளக்கினேன். 2024இல் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்ததையும் சொன்னேன். சரியான பதில்கள்தான். ஆனால் அவள் கேட்டது பலகையில் தன் இடம் எங்கே என்று.

ஆகவே ஐந்தாவதாக ஒரு ஆட்டக்காரரைச் சேர்த்தோம்: ரவுன் வீடு. பயிர் இல்லை. சுற்றுக்கு ஒரு கொட்டை மட்டும் எடுக்கலாம். பெட்டியில் 25க்குக் கீழே போனதுமே, மற்றவர்களுக்கு முன்பாக, இவருக்கு உப்பு. நடுவில் பேசும் அந்த ஒரு நிமிடத்தில் இவருக்கும் வாய் உண்டு.

விதி நிஜத்துக்குக் கிட்ட வந்தது, ஆனால் விளையாட்டு கெட்டுவிட்டது. ரவுன் வீட்டுக்காரருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மற்றவர்கள் விரல் காட்டும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் இருக்க ஒருவரும் விரும்பவில்லை, கேட்ட பிள்ளையைத் தவிர. அவருக்கு என்ன அதிகாரம் கொடுக்கலாம் என்று வகுப்பே அடிபடுகிறது. வாக்குரிமை என்கிறது ஒரு குழு. வெங்காயம் வாங்குவதே அவர்தான், வாங்காமல் விட்டால் தெரியும் என்கிறான் அந்தப் பின்வாங்குப் பொடியன், அவன் வாப்பா சந்தையில் கடை வைத்திருக்கிறார். இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையில் முதலில் வாக்குரிமையைப் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.